ஏழு அடி வெட்டிய பாய்மரம்

சின்ன வயசில் தெர்மோகோல் துண்டில் படகு செய்து கோயில் குளத்தில் விட்டவர்கள் எல்லாம் கை தூக்குங்க. நானும் அந்தக் கோஷ்டிதான். ஈர்க்குச்சியை நடுவில் நட்டு, அப்பாவோட பழைய கைக்குட்டையைப் பாயாகக் கட்டுவேன். பாய் பெரிசா இருந்தா படகு வேகமாகப் போகும்னு ஒரு நம்பிக்கை. காத்து அடிச்சதும் படகு குப்புற விழும். ஒருநாள் கடுப்பில் குச்சியைப் பாதியாக ஒடித்தேன். அப்புறம்தான் அது எதிர்க்கரை வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

இதே வேலையை நிஜக்கடலில், உயிரைப் பணயம் வைத்துச் செய்த ஒரு ஆசாமியின் கதைதான் இது. பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். தனியாகப் படகில் உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர்.

1844-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பெரிய பாய்மரக் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தவர். நீராவிக் கப்பல்கள் வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்ட காலம் அது. 1887 கடைசியில் அவருடைய சொந்தக் கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டி உடைந்தது. மனுஷன் தலையில் கை வைத்து உட்காரவில்லை. குடும்பத்தோடு சேர்ந்து 35 அடி நீளத்தில் ஒரு படகைக் கட்டி, அதற்குச் சீனப் படகுகளின் பாணியில் பாய் வைத்தார். பாயைத் தைத்துக் கொடுத்தது மனைவி ஹெட்டி. அந்தப் படகிலேயே அமெரிக்கா வந்து சேர்ந்தார். அதாவது, கையால் படகு கட்டுவதும், கையில் இருப்பதை வைத்துப் பாய் அமைப்பதும் அவருக்குப் புதுசு இல்லை.

அப்புறம் 1892-ல் ஒரு நண்பர், "கொஞ்சம் ரிப்பேர் வேலை இருக்கு" என்று சொல்லி ஒரு படகைச் சும்மாவே கொடுத்தார். மாசசூசெட்ஸில் ஃபேர்ஹேவன் என்ற ஊரின் புல்வெளியில் மக்கிக் கிடந்த ஸ்ப்ரே என்ற கிழட்டுப் படகு! ஸ்லோக்கம் பக்கத்தில் ஓக் மரம் வெட்டி, ஒவ்வொரு பலகையாக மாற்றி, கிட்டத்தட்ட முழுப்படகையும் புதுசாகவே கட்டினார். 13 மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம்.

முதலில் அதற்கு இருந்தது ஸ்லூப் அமைப்பு. அதாவது ஒரே ஒரு பாய்மரம், பின்பக்கம் ஒரு பெரிய பாய், முன்பக்கம் சின்னப் பாய். பெரிய பாயின் அடியில் பூம் என்று ஒரு நீளக் கட்டை. அமைப்பு என்னவோ சுலபம்தான். ஆனால் அவ்வளவு பெரிய பாயைப் புயலில் தனி ஆளாகச் சுருட்டணும். அந்த நேரத்தில் சுக்கானைப் பிடிக்க யாருமே கிடையாது. ஆபத்து அங்கேதான்.

1895 ஏப்ரல் 24-ல் பாஸ்டனில் கிளம்பினார். வயசு 51. ஆபத்து சீக்கிரமே முகத்தைக் காட்டியது. ஜிப்ரால்டர் தாண்டி மொராக்கோ கரைப்பக்கம் கடற்கொள்ளைக்காரர்களின் படகு ஒன்று துரத்தியது. அந்த ஓட்டத்தில் பலத்த காற்றும் பெரிய அலையும் மோத, பூம் முறிந்தே போனது. நல்லவேளை, துரத்தியவர்களின் பாய்மரமும் அதே காற்றில் போய்விட்டது!

இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் ஆரம்பம். பிரேசிலின் பெர்னாம்புகோ துறைமுகத்தில் பூமின் உடைந்த துண்டை எடுத்துவிட்டார். சுமார் 4 அடி குறைந்தது. அதே நீளத்துக்குப் புதுசு போடவில்லை. ரியோவில் படகின் பின்முனையில் அரைவட்டமாக ஒரு தாங்கி அடித்து வைத்தார். பின்னால் ஒரு குட்டிப் பாய்மரம் நடுவதற்கு முன்னேற்பாடு. புவனோஸ் அயர்ஸில் பாய்மரத்தையே கழற்றி 7 அடி வெட்டினார். படகின் மூக்கிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையிலும் சுமார் 5 அடி போச்சு. அந்தக் கட்டையின் நுனியில் தொங்கிக்கொண்டு முன்பாயைச் சுருக்கும்போதெல்லாம், இன்னும் ஓரடி வெட்டியிருக்கலாமே என்று வருத்தப்பட்டாராம்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கேப்டனுக்குப் பாய்மரத்தின் உயரம் என்றால் வேகம், கௌரவம் எல்லாம். அதை அவரே ரம்பத்தால் அறுக்கிறார். எதிரே இருப்பது படகோனியாக் காற்று என்று அவருக்குத் தெரியும்.

1896 மார்ச்சில் மெகல்லன் நீரிணையைத் தாண்டி பசிபிக்கில் தலை நீட்டியதுமே புயல் அவரைத் தென்கிழக்கே கேப் ஹார்ன் பக்கம் விரட்டியது. பெரிய பாய் கந்தல் கந்தலாகக் கிழிந்தது. பாயே இல்லாத மரத்தோடு ஓடித் தப்பித்து, தீவுக்கூட்டத்தின் ஊடாக மறுபடியும் நீரிணைக்குள் வந்து சேர்ந்தார். ஊசியும் நூலுமாகப் பாயைத் தைத்தார். அந்தப் பகுதியில்தான் பின்பக்கக் குட்டிப் பாயும் ஏறியது. ஸ்லூப் இப்போது யால் ஆகிவிட்டது.

குட்டிப் பாயால் என்ன லாபம்? பெரிய பாயின் அளவைக் குறைக்கலாம். காற்றை எதிர்த்துச் சாய்வாகப் போகும்போது சுக்கானும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். அவ்வளவுதான் என்று ஸ்லோக்கமே அடக்கமாக எழுதியிருக்கிறார். பின்னாலிருந்து காற்று அடித்தால் குட்டிப் பாயைச் சுருட்டியே வைத்துவிடுவாராம்.

மாற்றம் அதோடு நிற்கவில்லை. சமோவாவில், 1894-ல் காலமான எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் மனைவி, தோட்டத்து மூங்கிலில் வேண்டியதை வெட்டிக்கோங்க என்றார். இவர் ஒன்றே ஒன்று வெட்டிக்கொண்டார். மூக்குக் கட்டையில் அறுத்த நீளத்துக்குப் பதில், தேவைப்படும்போது நீட்டிக்கொள்ள லேசான மூங்கில்!

பலன் இந்தியப் பெருங்கடலில் தெரிந்தது. 1897-ல் ஆஸ்திரேலியாவின் தர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் தீவு வரை 2,700 மைல், 23 நாள். அதில் சுக்கானைக் கையில் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள்தான். சுக்கானைக் கயிறால் கட்டிவிட்டு உள்ளே போய்ச் சமையல், புத்தகம், தூக்கம். இது எப்படி? முன்பாயை இறுக்கி நடுவில் கட்டிவிட்டால், படகு திசை மாறிக் காற்றுப் பக்கம் திரும்பும்போது அந்தப் பாயில் காற்று பிடித்து மூக்கைப் பழையபடி தள்ளிவிடும். 1909-ல் ஆண்ட்ராடே என்ற நிபுணர் ஸ்ப்ரேயின் வரைபடத்தை அலசி, கணக்குப்படி அதன் சமநிலை அருமை என்றார். ஸ்லோக்கமோ அந்தக் கணக்கையெல்லாம் போட்டவரே இல்லை. கடலில் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

1898 ஜூன் 27-ல் நியூபோர்ட் திரும்பினார். 46,000 மைலுக்கு மேல். பல வருஷம் கழித்து அதே ஸ்ப்ரேயில் கிளம்பியவர் திரும்பி வரவே இல்லை. 1924-ல் சட்டப்படி இறந்தவராக அறிவித்தார்கள். அவரை எது கொண்டுபோனது என்று கடலுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது சாகசம் இல்லை, அந்த ரம்பம்தான். 13 மாசம் பாடுபட்டுத் தன் கையால் கட்டியதைத் தானே வெட்ட ஒரு மனசு வேணும். ஈர்க்குச்சியை ஒடிக்கவே எனக்கு எத்தனை நாள் ஆச்சு!