கிழிந்த ரூபாய் நோட்டின் மதிப்பு

கிழிந்த, கறைபட்ட ரூபாய் நோட்டை வங்கியில் மாற்றிக்கொள்ளும் நடைமுறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவற்றைக் கண்ட கடலூர் போன்ற மாவட்டத்தில், வீட்டில் வைத்த பணம் நனைந்து நைந்தால் என்ன செய்வது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பாதி நோட்டுகள்

1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை அரசிடம் ஒப்படைத்தது. மஞ்சக்குப்பத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு உள்ளிட்ட சென்னை மாகாணத்திலும் அரசு நோட்டுகள் புழங்கின. அக்காலத்தில் அஞ்சலில் பணம் அனுப்பியவர்கள் திருட்டுக்கு அஞ்சி நோட்டை இரண்டாக வெட்டினர். ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்த பிறகே மறுபாதியை அனுப்பினர். இரு பாதிகளும் ஒன்றுசேர்ந்தால்தான் அது பணம்.

உரிமையா, சலுகையா?

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 28ஆம் பிரிவில், சிதைந்த நோட்டின் மதிப்பை எவரும் உரிமையாகக் கோர முடியாது என்கிறது. வங்கி அதைச் சலுகையாகவே தருகிறது. ஆனால் அச்சலுகை அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. விதிகளால் அளந்து வைக்கப்பட்டுள்ளது. 2009இல் வந்த நோட்டு மாற்று விதிகள் 2018இல் திருத்தப்பட்டன.

இன்றைய நடைமுறை

அழுக்கடைந்த நோட்டையும், இரண்டாகக் கிழிந்து இரு துண்டுகளும் முழுமையாக உள்ள நோட்டையும் எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம். அங்கே கணக்கு இருக்க வேண்டியதில்லை. ஒரு பகுதி காணாமல் போயிருந்தால், எஞ்சியவற்றுள் மிகப் பெரிய துண்டின் பரப்பே கணக்கு. 20 ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழுத்தொகை கிடைக்கும். இல்லையெனில் ஒன்றும் கிடைக்காது. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், 80 விழுக்காட்டுக்கு மேல் முழுத்தொகை. 40 முதல் 80 வரை பாதித்தொகை. அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. 500 ரூபாய் நோட்டின் பரப்பு 99 சதுர செ.மீ.; அதில் ஏறத்தாழ 80 சதுர செ.மீ. மிஞ்சினால் முழுப்பணம், 40 மிஞ்சினால் 250 ரூபாய்.

கருகிய, தொட்டால் உதிரும், பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட நோட்டுகளைக் கிளைகள் வாங்குவதில்லை. அவற்றைச் சென்னையில் உள்ளது போன்ற ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேண்டுமென்றே வெட்டியதாகத் தெரிந்தாலோ, அரசியல் முழக்கம் எழுதியிருந்தாலோ கோரிக்கை தள்ளப்படும்.

ஆகவே நனைந்த கட்டை வலிந்து பிரிக்காமல், உதிர்ந்த துண்டுகளையும் எறியாமல் பத்திரப்படுத்த வேண்டும். இதை அறியாதவர்களே முழு மதிப்புள்ள நோட்டைக் கமிஷனுக்கு மாற்றித் தருபவரிடம் கொடுத்து நட்டப்படுகிறார்கள்.