சென்னையின் பெயர் தாங்கிய கண்ணோய்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அண்மையில் உள்ளது குளத்தூர். களியக்காவிளையை அடைந்தால் தமிழ்நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது, கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே இப்பகுதியில் ஒரே பொருளுக்கு இரு மொழிப் பெயர்கள் அருகருகே வழங்குவதில் வியப்பில்லை. கண் சிவந்து, நீர் வடிந்து, இமைகள் ஒட்டிக்கொள்ளும் தொற்றுநோயை மலையாளத்தார் 'செங்கண்ணு' என்பர். தமிழர் அதனையே 'மெட்ராஸ் ஐ' என்பர். முன்னது நோயின் நிறத்தைக் கூறுகிறது. பின்னது ஓர் ஊரைச் சுட்டுகிறது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர் பலர் இப்பெயரைப் பிறர் வாயிலாகவும் கேட்டிருப்பர். நோய் சென்னையில் தோன்றி நாடெங்கும் பரவியதோ என்ற ஐயம் அப்போது எழுதல் இயல்பு. இக்குற்றச்சாட்டு நியாயமானதா? வரலாறு கூறும் விடையைச் சிறிது ஆராய்வோம்.

லண்டன் மாநகரில் கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை 1805இல் தொடங்கியது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1819இல், கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் ஒரு கண் மருத்துவமனையை நிறுவினர். ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றான அது, பின்னாளில் எழும்பூருக்கு மாறியது. 1904 முதல் அதன் தலைவராக விளங்கிய ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணுள் நீரழுத்தம் மிகுந்து பார்வையைச் சிறுகச் சிறுக அழிக்கும் கிளாக்கோமா நோய்க்கு, வெள்விழியின் விளிம்பில் நுண்துளையிட்டு நீரை வடியச் செய்யும் சிகிச்சையை 1909இல் அங்கே செய்து, உலகறியச் செய்தார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் கர்க்பாட்ரிக். சென்னையில் பரவிய ஒரு கண்ணோயை அவர் ஊன்றிக் கவனித்தார். கண் சிவந்தவர்களுள் பலருக்குக் கருவிழியில் புள்ளிகள் தோன்றுவதைக் கண்டு, அதனை விரித்து எழுதி, 1920இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியிட்டார். சென்னையின் பெயர் இந்நோயோடு பிணைந்த கதை, 1918ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த இந்த ஆராய்ச்சியோடு தொடர்புடையதென்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது.

ஆயினும் நோய் சென்னையிலே பிறந்ததன்று. வியன்னா நகரில் ஃபூக்ஸ் என்னும் மருத்துவர், இத்தகைய புள்ளிகள் தோன்றும் கண்ணோயை 1889லேயே விவரித்திருந்தார். பம்பாயில் ஹெர்பர்ட் என்பவர் 1901இல் இதையொத்த நோயைக் குறித்து எழுதியிருந்தார். சென்னையின் பெயர் நிலைத்தமைக்குக் காரணம், நோயைக் கூர்ந்து நோக்கும் கண்களும், அதைப் பதிந்துவைக்கும் ஏடுகளும் அவ்வூரில் இருந்தமையே எனலாம். கவனிப்பாரற்ற ஊரிலும் நோய் வரும். ஆனால் அதற்கு வரலாறு இராது.

அக்காலத்தில் நோய்க்குக் காரணம் தெரியவில்லை. அடினோ என்னும் வைரஸ் 1953இல்தான் கண்டறியப்பட்டது. கொள்ளைக் கண்ணோயாளர் ஒருவரின் கண்ணிலிருந்து அதன் எட்டாம் வகையை ஜாவெட்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1955இல் பிரித்தெடுத்தார். இதற்கு முன்பே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அமெரிக்கக் கப்பல் கட்டுந்துறைத் தொழிலாளரிடையே இந்நோய் பெருகியது. அங்கே அதற்கு 'கப்பல்துறைக் கண்' என்பது பெயர்.

1969இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வேறொரு கண்ணோய் தோன்றியது. வெள்விழியில் இரத்தம் கசியும் கடுமையான நோய் அது. அமெரிக்கர் நிலவில் இறங்கிய ஆண்டாகையால் மக்கள் அதனை 'அப்பல்லோ நோய்' என்றனர். 1971இல் அது இந்தியாவிலும் பரவியது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த அந்நாளில், கல்கத்தா மக்கள் அதற்கு 'ஜய் பாங்ளா' என்று பெயரிட்டனர். விடுதலைக்கு எழுந்த முழக்கமே நோயின் பெயராயிற்று! துன்புற்று வந்தோர் மீது நோயின் பழியும் சேர்ந்து விழுந்ததை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. பம்பாயில் நோயுற்றோருட் சிலருக்குக் கைகால்கள் செயலிழந்ததை நோஷிர் வாடியா என்னும் நரம்பியல் மருத்துவர் 1972இல் எடுத்துரைத்தார். கண்வலிதானே என்று அசட்டையாக இருத்தலாகாது என்பதற்கு அது சான்று. இதற்குக் காரணமான வைரஸ் 'என்டரோ 70' எனப்படும். அது அடினோவின் இனத்தைச் சேர்ந்ததன்று.

எனவே 'மெட்ராஸ் ஐ' என்ற ஒரு பெயருக்குள் பல கிருமிகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறிவதே இன்றைய ஆராய்ச்சியின் நோக்கம். 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் ஆராய்ச்சி நிலையத்தாருடன் கூடி, நோயாளியின் கண்ணிலிருந்து ஒற்றியெடுத்த நீரிலுள்ள மரபுப் பொருளையெல்லாம் ஒருசேரப் படித்து, கிருமி இன்னதெனக் கண்டறியும் முறையைக் கையாள்கின்றனர். முன்னர் ஒவ்வொரு கிருமியையும் ஐயுற்றுத் தனித்தனியே தேட வேண்டியிருந்தது. இப்போது ஐயுறாத கிருமியும் அகப்படும்.

இந்த அறிவினால் நமக்கு விளையும் பயன் யாது? நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே நோய் தொற்றும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அது பிழை. தொற்றுவது பார்வையால் அன்று. கையால், துண்டால், தலையணையால். அடினோ வைரஸ் உலர்ந்த பொருள்களிலும் பல நாள் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே சோப்பிட்டுக் கை கழுவுதலும், துண்டைத் தனியே வைத்தலும் கறுப்புக் கண்ணாடியினும் சிறந்த காவல். பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்து வைரஸைக் கொல்லாது. பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் நோய் தானே தணியும். வேறு ஊரிலிருந்து விடுமுறைக்கு வருவோர், கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் அறியாமல் இடுதலும், தாய்ப்பாலையோ பச்சிலைச் சாற்றையோ கண்ணில் பிழிதலும் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வைக்கே உலை வைக்கக்கூடும். வெளிச்சம் கூசினாலும், வலி மிகுந்தாலும், பார்வை மங்கினாலும் கண் மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும்.

புதிதாகத் தோன்றும் நோய்களுக்கு ஊரின் பெயரையோ மக்களின் பெயரையோ இடலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. பழைய பெயர்கள் அவ்வளவில் மறைந்துவிடா. ஆயினும் பிற மாநிலத்தில் எவரேனும் இப்பெயரைச் சொல்லி நகைத்தால், நாம் நாணவேண்டுவதில்லை. அந்நோய் வியன்னாவிலும் இருந்தது, பம்பாயிலும் இருந்தது. சென்னையில் அதை உற்றுநோக்கி எழுதிவைத்தார்கள் என்று விடை கூறலாம்.