இடது காலால் மட்டும் ஆடு! - ரஹீம் வாத்தியாரின் கால்பந்துப் பாடம்

சென்னையில் இருந்து கிளம்பும் மின்சார ரயில்கள் பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் பிரிகின்றன. ஒரு பாதை கும்மிடிப்பூண்டிக்கு, இன்னொன்று திருவள்ளூருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தப் பாதையில் போனாலும் ஏதாவது ஒரு காலி மனையில் பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள்.

அதுவே ஸ்கூல் டீம் மேட்ச் என்றால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். இருப்பதிலேயே வளர்ந்த பையன் முன்னால் நிற்பான். பின்னால் இருப்பவர்கள் பந்தைத் தூக்கி அவன் பக்கம் அடிப்பார்கள். கோட்டுக்கு வெளியே இருந்து "தூக்கி அடிடா!" என்று ஒரு குரல் வரும். குள்ளமான, ஒல்லியான பையன் சப்ஸ்டிடியூட்டாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். கோப்பை கிடைத்துவிடும். சரி, அந்தக் குள்ளப் பையன் என்ன ஆவான்?

இந்தக் கேள்விக்குச் சுமார் எழுபது வருடங்களுக்கு முன்பே ஹைதராபாத்தில் ஒரு பள்ளி வாத்தியார் பதில் வைத்திருந்தார். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம்.

யார் இந்த ரஹீம்?

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். உடற்கல்வியில் டிப்ளமாவும் வாங்கினார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனவர், 1963-ல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இந்திய அணியின் கோச்சாக 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மறுபடியும் தங்கம். 2024-ல் வந்த 'மைதான்' என்ற ஹிந்திப் படம் இவருடைய கதைதான். அதில் பெரிய மேட்ச்கள்தான் பிரதானம். ஆனால் ரஹீமின் உண்மையான வேலை சின்னப் பையன்களிடம் தொடங்கியது.

மூன்று விநோதப் போட்டிகள்

ரஹீம் இளம் வீரர்களுக்காக மூன்று வகைப் போட்டிகள் நடத்தினார். கேட்டால் விளையாட்டாகத் தெரியும், யோசித்தால்தான் விஷயம் புரியும்.

முதல் வகையில் ட்ரிப்ளிங் செய்யக்கூடாது. பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு எதிராளியை ஏமாற்றிப் போவது அந்தக் கால இந்திய வீரர்களுக்குப் பெருமை. அதற்குத்தான் கூட்டமும் கைதட்டும். அதைத் தடுத்துவிட்டால் பையன் என்ன செய்வான்? பந்து வந்ததும் யாருக்காவது பாஸ் கொடுத்தே ஆகவேண்டும். அப்படியானால் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். "பார்த்து ஆடு" என்று நூறு முறை கத்துவதை ஒரே ஒரு விதி செய்துவிடுகிறது.

இரண்டாவது வகையில் பலவீனமான காலால்தான் ஆடவேண்டும். வலது கால்காரன் இடது காலால் மட்டுமே பந்தைத் தொடலாம். எல்லோரும் தடுமாறுவார்கள், யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது. தோற்றுவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் தப்பு செய்யப் பழகும் இடம் அது.

மூன்றாவது, உயர வரம்புப் போட்டி. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் இருப்பவனுக்கு இடம் கிடையாது. இதில்தான் நம்ம குள்ளப் பையனுக்கு வாழ்வு! உடம்பால் இடித்துத் தள்ளி ஜெயிக்க முடியாத இடத்தில் பந்தைக் கையாளத் தெரிந்தவன்தான் மேலே வருவான். இன்னொரு லாபமும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைக்கலாம், அளவுகோலின் முன்னால் உயரத்தைக் குறைக்க முடியாது. வயது மோசடி நம் நாட்டு இளையோர் போட்டிகளை இன்றும் விடவில்லை. எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைச் சரிபார்க்க வேண்டிய நிலை.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகள் 2010களின் நடுவில்தான் பிறந்த வருடத்தை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பையன்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தன. அதற்கு விஞ்ஞானிகள் தேவைப்பட்டார்கள். ரஹீமிடம் இருந்தது ஒரு அளவுகோல்!

பத்துக்கு ஒன்று

ரஹீம் தோல்வியே பார்க்காதவர் இல்லை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன்பிறகு பூட்ஸ் கட்டாயமானது. காலணியை மாற்றினால் போதாது, ஆட்டத்தையே மாற்றவேண்டும் என்று ரஹீம் நினைத்தார். பந்தை ஓரிரு தொடுதலில் வேகமாகக் கைமாற்றும் ஆட்டத்தை வளர்த்தார்.

நான்கே வருடம். 1956 மெல்போர்னில் நெவில் டிசூசா ஹாட்ரிக் அடிக்க, இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். அங்கே எதிரில் நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் அடித்தது நம் அணி! கடைசியில் 4-1 என்று தோற்றாலும், 10-1க்கும் இதற்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ரஹீமின் உழைப்பு.

அந்த அணியில் இருந்தவர் துளசிதாஸ் பலராமன். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைப் பையன். பயிற்சிக்கு வந்துபோக மிதிவண்டி வாடகைக்கு ரஹீமே பணம் கொடுத்தார் என்று பலராமன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியா அடித்த மூன்று கோல்களில் இரண்டு பலராமனுடையவை. 2023-ல் அவர் காலமானார்.

வாத்தியாரோடு போன பாடம்

1962 ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது ரஹீமுக்குப் புற்றுநோய் இருந்தது. அடுத்த வருடம் ஜூன் 11-ம் தேதி இறந்துபோனார். 1970-ல் ஒரு வெண்கலம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை.

ரஹீம் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்வது மிகை. 1951-ல் போட்டியிட்ட அணிகள் மொத்தமே ஆறு. பிறகு ஜப்பானும் கொரியாவும் வேகமாக வளர்ந்தன. ஆனால் ஒரு குறையை மறுக்க முடியாது. ரஹீமின் முறை நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் போகும் பாடத்திட்டமாக மாறவே இல்லை. வாத்தியார் போனதும் பாடமும் போய்விட்டது.

பெல்ஜியத்தைப் பாருங்கள். 2000-ல் சொந்த மண்ணில் நடந்த யூரோ கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். உடனே குழந்தைகளுக்கு இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து என்று சின்ன ஆட்டங்கள் வைத்தார்கள். மிகச் சிறு குழந்தைகளுக்குப் புள்ளிப் பட்டியலே வேண்டாம் என்றார்கள். அதை எழுதி வைத்து எல்லாக் கிளப்புகளுக்கும் கொடுத்தார்கள். 2018 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம்! அதே 2018-ல்தான் இந்தியாவில் 'கோல்டன் பேபி லீக்' என்ற பெயரில் குழந்தைகளுக்கான சின்ன ஆட்டங்கள் தொடங்கின.

திருவள்ளூர் ரயில் பேசின் பிரிட்ஜை அடுத்து நிற்கும் இடம் வியாசர்பாடி ஜீவா. அந்த வியாசர்பாடியில்தான் கால்நூற்றாண்டாக ஏழைப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். அங்கிருந்து வந்த நந்தகுமார் சேகர்தான் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து, நாலரை வருடங்களுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கு கொல்கத்தா டெர்பியை வென்று கொடுத்தவர்.

அதே பாதையில் இன்னும் எத்தனை ஸ்டேஷன்கள், எத்தனை பள்ளிகள்! ரஹீமின் மூன்று போட்டிகளுக்குப் புல்தரை வேண்டாம், வெளிநாட்டு கோச் வேண்டாம். ஒரு பந்து, ஒரு விசில், ஒரு அளவுகோல் போதும். கூடவே, இந்த வருடக் கோப்பை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஒரு வாத்தியார் வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குள்ளப் பையன் அவருக்காகத்தான் காத்திருக்கிறான்.