கேஷ் ஆன் டெலிவரியின் தாத்தா: வி.பி.பி. முதல் கொலு பார்சல் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். இந்தியாவுக்கு கேஷ் ஆன் டெலிவரி எப்போ வந்துச்சு? என் டீம்ல கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க: ஃப்ளிப்கார்ட். 2010-ல் அவங்க அதைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனா அந்த ஐடியா அதுக்கு 133 வருஷம் முன்னாடியே நம்ம தபால் ஆபீஸ்ல ஓடிக்கிட்டிருந்தது. 1877-ல் அதற்கு வைத்த பெயர் வேல்யூ பேயபிள் போஸ்ட். நம்ம தாத்தா பாட்டிக்குத் தெரிஞ்ச பெயர் வி.பி.பி.

அது வேலை செஞ்ச விதம் ரொம்ப எளிமையானது. மெட்ராஸ்ல ஒரு கடைக்காரர் பொருளைக் கட்டி, "இதன் விலை இவ்வளவு" என்று எழுதித் தபால் ஆபீஸ்ல கொடுப்பார். செங்கல்பட்டில் தபால்காரர் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கையில் கொடுப்பார். அந்தப் பணம் கடைக்காரருக்கு மணியார்டராகத் திரும்பி வரும். மணியார்டர் சேவையும் 1880-ல் தபால் துறைக்கு வந்துவிட்டதால், பொருள் போகும் பாதை, பணம் வரும் பாதை இரண்டும் ஒரே துறையின் கைக்குள் இருந்தன. நம்ம பாஷையில சொன்னா டெலிவரி பார்ட்னரும் பேமெண்ட் கேட்வேயும் ஒரே கம்பெனி.

முன்பின் பார்க்காத ரெண்டு பேர் வியாபாரம் பண்ணணும்னா யாராவது ஒருத்தர் முதல்ல நம்பணும், இல்லையா? வாங்குறவர் முதல்ல காசு அனுப்பணும், அல்லது விக்கிறவர் முதல்ல பொருளை அனுப்பணும். வி.பி.பி. அந்தத் தயக்கத்தை நடுவுல நின்னு உடைச்சது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுங்க. புத்தகம், கடிகாரம், மருந்து என்று எந்த விளம்பரத்தை எடுத்தாலும் அடியில் "வி.பி.பி.யில் அனுப்பப்படும்" என்று ஒரு வரி இருக்கும். பெரிய கடைகளே இல்லாத ஊர்ல இருக்கிறவங்களுக்கு அந்த ஒரு வரிதான் ஷாப்பிங் மால்.

ஆனா இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல ஏதாவது விக்கிறவங்க தலையில அடிச்சுக்கிற ரெண்டு பிரச்சினையும் அப்பவே வந்துடுச்சு. ஒன்று, ஆர்டர் பண்ணிட்டு வாங்காம திருப்பி அனுப்புறது. போன தபால் செலவு விக்கிறவர் தலையில். இன்னொன்று, கேட்காதவங்களுக்கே பார்சலை அனுப்பிக் காசு வசூலிக்கிறது, அல்லது உள்ளே குப்பையை வைத்து அனுப்புறது. 1898-ல் வந்த இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 35-ஆம் பிரிவைப் படிச்சா சிரிப்பே வரும். உண்மையாக வந்த ஆர்டருக்குத்தான் இதை அனுப்புகிறேன் என்று அனுப்புநர் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என அரசு நிபந்தனை போடலாம் என்கிறது அது. அதே பிரிவு, மோசடி என்றால் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்து, வாங்கியவருக்கே திருப்பித் தர விதி செய்யலாம் என்கிறது. அதாவது ரீஃபண்ட் பாலிசி. 1898-ல்!

அதே சட்டத்தில் 6-ஆம் பிரிவு ஒன்று இருக்கு. அது சிரிக்கிற விஷயம் இல்லை. பொருள் தொலைந்தாலோ, தாமதமானாலோ, உடைந்தாலோ, தான் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தாண்டி அரசுக்கு வேறு பொறுப்பு கிடையாது. ஊழியர் வேண்டுமென்றே செய்தார், மோசடியாகச் செய்தார் என்று இருந்தால்தான் அவர்மேல் கேள்வி. இன்ஷ்யூர் பண்ணி, அரக்கு வைத்து அனுப்பினால் கதை வேறு. பழைய சட்டம் போய், 2023-ல் நிறைவேறிய புது அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 அன்று அமலுக்கு வந்தது. கடிதம் கொண்டுபோகும் தனியுரிமை அரசுக்கே என்ற பழைய பிரிவு அதில் இல்லை. பொறுப்பு விலக்கு மட்டும் பத்திரமா இருக்கு.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, என் நண்பர் ஒருத்தர் மாமல்லபுரத்துல மாவுக்கல்லில் சின்னச் சின்னச் சிலைகள் செய்றார். பகல்ல பட்டறையில் கூலி வேலை. ராத்திரி உட்கார்ந்து தனக்காகச் செய்ற கைக்கு அடக்கமான பிள்ளையார்களை ஆன்லைன்ல விக்கிறார். அந்த ஊரைப் பத்தித் தனியா சொல்ல வேண்டியதில்லை. 1957-ல் இருந்து சிற்பக் கல்லூரி இருக்கு, 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனா இந்தப் பெருமை எதுவும் ஒரு பிள்ளையாரோட துதிக்கையைக் காப்பாத்தாது. போன வருஷம் அவர் அனுப்பின ஆறு சிலையில் ரெண்டு துதிக்கை இல்லாம போய்ச் சேர்ந்துச்சு. கூரியர்காரங்க சொன்ன பதில், "பேக்கிங் சரியில்லை". ரெண்டு சிலைக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தது அவர்தான்.

கல்லோட சிக்கலே வேற. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அதே அளவு கருங்கல் சுமார் 2.7 கிலோ. பத்து சென்டிமீட்டர் கனசதுரம்னா அவ்வளவுதான், நம்ம டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெருசு, ஆனா கிட்டத்தட்ட மூணு கிலோ. சரி, உடையாம இருக்கத் தெர்மாகோல் வச்சு டப்பாவைப் பெருசாக்கினா அங்க இன்னொரு கணக்கு காத்திருக்கு. பெரும்பாலான கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பாங்க. அந்தக் கிலோவும் தராசுக் கிலோவும் எது அதிகமோ அதுக்குத்தான் பில். 30 சென்டிமீட்டர் சதுர டப்பா என்றால் 5.4 கிலோ, உள்ளே பஞ்சே இருந்தாலும். அதனால நண்பர் டப்பா அளவை முதல்ல முடிவு பண்ணிட்டு, அதுக்குள்ள அடங்குற மாதிரி பிள்ளையாரைச் செதுக்குறார். பல்லவர் காலத்துல பாறை சிற்பத்தை முடிவு பண்ணுச்சு, இப்ப அட்டைப்பெட்டி முடிவு பண்ணுது.

கொஞ்சம் பின்னாடி போவோம். மெட்ராஸ்ல பொதுத் தபால் நிலையம் 1786-ல் திறந்தாங்க. அந்தக் காலத்துல ஓட்டக்காரர்கள்தான் தபாலைச் சுமந்தாங்க. பார்சல் தனியா "பங்கி" என்று போகும். தோளில் ஒரு கழி, இரண்டு முனையிலும் தொங்கும் சுமை. நமக்குத் தெரிஞ்ச காவடிதான். அப்போ கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, பல சமயம் அதைக் கொடுப்பதும் பெறுநர்தான். 1854-ல் அஞ்சல்தலை வந்ததும் இதைத் தூக்கிப் போட்டாங்க. கால் தோலா எடை, அதாவது மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவான கடிதம், நாட்டில் எங்கே போனாலும் அரை அணா. பக்கத்து ஊருக்கும் அரை அணா, கல்கத்தாவுக்கும் அரை அணா. என்னைக் கேட்டா இந்தியாவுல நடந்த பெரிய விலைப் புரட்சிகளில் இது ஒன்று. தூரம் என்பதையே பில்லில் இருந்து எடுத்துட்டாங்க.

இப்போ அந்தத் தூரம் திரும்பி வந்திருக்கு. 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோட இணைச்சாங்க. அக்டோபர் 1 முதல் புதுக் கட்டணம். 50 கிராம் வரை உள்ளூர் தவிர எங்கே போனாலும் ₹47, வரி தனி. 50 கிராமைத் தாண்டினால் கிலோமீட்டர் கணக்கு. பதிவு வேணும்னா கூடுதலாக ₹5. இணைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2011-12-ல் 24.44 கோடியாக இருந்த பதிவுத் தபால்கள் 2019-20-ல் 18.46 கோடியாகக் குறைஞ்சுட்டது. ஒரே வேலைக்கு ரெண்டு சிஸ்டம் வச்சு மெயின்டெயின் பண்றது எவ்வளவு கொடுமைன்னு எனக்கும் தெரியும், அதைத்தானே ஆபீஸ்ல தினமும் திட்டுறேன்.

ஆனா விலையைப் பாருங்க. 20 கிராம் பதிவுத் தபால் வரியோட சேர்த்து ₹26-க்குள்ள முடிஞ்சுது. சாதாரணக் கடிதம் ₹5, ஆனா எங்கே போச்சுன்னு தெரியாது. இந்த ஐந்து ரூபாய்க்கும் நாற்பத்தேழுக்கும் நடுவுல இருந்த "மெதுவாப் போகட்டும், ஆனா கையெழுத்து வாங்கிக் கொடுங்க" என்கிற படி காணோம். கிளவுடில் எப்போதாவது எடுக்கிற டேட்டாவை மெதுவான, விலை குறைந்த ஸ்டோரேஜில் போடுவோம் இல்லையா, அந்த மாதிரி ஒரு படி. அஞ்சல்தலை, பழைய தபால் அட்டை, காமிக்ஸ் என்று பொழுதுபோக்குப் பொருள் விக்கிறவங்க வாழ்ந்ததே அந்தப் படியிலதான். யாருக்குமே அவசரம் கிடையாது. நாற்பது வருஷமாத் தேடுற ஒரு இதழ் நாலு நாள் லேட்டா வந்தா என்ன?

நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். 1972-ல் வந்த முத்து காமிக்ஸ், 1984-ல் வந்த லயன் காமிக்ஸ், இதுல எங்கிட்ட ரெண்டு பிரதி இருக்கிறதை விப்பேன். ஒரு பழைய பாக்கெட் சைஸ் இதழ் அட்டை வச்சுக் கட்டினா நூறு கிராம் தாண்டும். செங்கல்பட்டிலிருந்து மதுரைக்கு ஸ்பீட் போஸ்ட் ₹63, வரி தனி. இதழோட விலையே சில சமயம் அவ்வளவுதான். முன்னாடி இதுக்குப் புத்தகத் தபால் இருந்துச்சு. பதிவுப் புத்தகத் தபாலை 2024 டிசம்பர் 18 அன்று பெரிய சத்தம் இல்லாமல் நிறுத்தினாங்க. பதிப்பாளர்கள், வாசகர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. 2025 மே 1 அன்று கியான் போஸ்ட் தொடங்கினாங்க: 300 கிராம் வரை ₹20, 5 கிலோவுக்கு ₹100. கல்வி, சமூகம், பண்பாடு, மதம் சார்ந்த புத்தகங்களுக்கானது. நல்ல சேவை, விலையும் நியாயம். இரும்புக்கை மாயாவி இதில் எந்த வகைன்னு கவுண்டர்ல விளக்கிச் சொல்றதுக்குள்ள எனக்குப் பின்னாடி க்யூ தெரு வரைக்கும் போயிடும். பண்பாடுன்னுதான் நான் வாதாடுவேன்.

வெளிநாட்டுக் கதைதான் நண்பரைப் பலமா அடிச்சது. அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல் சுங்கவரி இல்லாமல் போய்க்கிட்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை ரத்து. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாமல் விமான நிறுவனங்கள் பார்சல் ஏற்ற மறுத்ததால், இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25-லேயே கடிதம், ஆவணம், 100 டாலர் வரையிலான பரிசு தவிர மற்றவற்றை நிறுத்திவிட்டது. அப்புறம் பரிசையும் நிறுத்தினாங்க.

காலண்டரைப் பாருங்க. அந்த வருஷம் நவராத்திரி செப்டம்பர் 22. அமெரிக்கத் தமிழ் வீடுகளில் கொலு வைக்கிறவங்க வாங்குற சின்னச் சிலைகள் கிளம்ப வேண்டியதே ஆகஸ்ட் கடைசி வாரம். நண்பர்கிட்ட ஒன்பது ஆர்டர், எல்லாமே கட்டி, விலாசம் எழுதி, 603104 பின்கோடோட தயாரா இருந்துச்சு. கல் வாங்கின காசு, ரெண்டு மாச ராத்திரி வேலை, எல்லாம் அந்த ஒன்பது டப்பாவுக்குள்ள. தனியார் எக்ஸ்பிரஸ் கூரியர்ல விசாரிச்சா சிலையோட விலையைவிடக் கட்டணம் ரெண்டு மடங்கு.

சேவை அக்டோபர் 15 அன்று மறுபடி தொடங்கியது. அப்போ சொல்லப்பட்ட மதிப்பில் 50 சதவீதம் வரி இருந்துச்சு, அதை அனுப்பும்போதே இங்கேயே கட்ட வேண்டியிருந்துச்சு. பெறுநர் அங்கே எதுவும் கட்ட வேண்டியிருக்கலை. நடைமுறை சுத்தமாத்தான் இருந்துச்சு, ஆனா கொலு முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகியிருந்துச்சு. ஒன்பது பேர்ல நாலு பேர் "அடுத்த வருஷக் கொலுவுக்கு ஆகும், வரியைப் பாதிப் பாதி போட்டுக்கலாம்"னு சொன்னாங்க. அஞ்சு பேர் ரத்து பண்ணிட்டாங்க. அந்த அஞ்சில் மூணு கோயம்புத்தூர்ல போச்சு, லாரி பார்சல் சர்வீஸ்ல போட்டு, வாங்கினவங்களே ஆபீஸுக்கு வந்து எடுத்துக்கிட்டாங்க. மீதி ரெண்டு கடற்கரைக் கோயில் போற வழியில ஒரு கடைக்காரர்கிட்ட கமிஷனுக்கு இருக்கு. அந்தப் பக்கம் போனா பாருங்க, ஒண்ணு மூஷிகத்தோட இருக்கும்.