‘எனக்கு வேறு வீடு இல்லை’: மும்பையில் ஓர் உறுதிமொழியின் வரலாறு

மும்பையில் அரசின் வழியாக வீடோ மனையோ பெற விரும்புவோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி ஒன்று உண்டு: ‘எனக்கோ என் குடும்பத்தாருக்கோ வேறு வீடு இல்லை.’ அது பொய்யென நிறுவப்பட்டால் ஒதுக்கீடு இரத்தாகும். அதன் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

1976 ஜனவரியில் மும்பைக் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டன. பதிவானோர்க்குப் புகைப்படம் ஒட்டிய அட்டை, மக்கள் வழக்கில் ‘போட்டோ பாஸ்’, வழங்கப்பட்டது. அன்று கேட்கப்பட்ட முதன்மையான சான்று, குறித்த நாளில் இங்கே குடியிருந்தீரா என்பதே. 1995-இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைந்து, தகுதியுடையோர்க்கு இலவச வீடு என்னும் திட்டம் வந்தது. அந்நாள்முதல் அக்காகிதம் சொத்தின் மதிப்பைப் பெற்றது. அதனுடன் பொய்ச் சான்றுகளும் பெருகின. 1995 ஜனவரி 1 என்றிருந்த வரம்புத் தேதி பின்னர் 2000 ஜனவரி 1 ஆயிற்று.

பொய் உரைப்போர் ஏழைகளே என்னும் எண்ணம் நகரில் வேரூன்றியுள்ளது. கொலாபாவில் அரசு நிலத்தில் எழுந்த 31 மாடி ஆதர்ஷ் குடியிருப்பு அதை மறுக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. ஏ. பாட்டீல் தலைமையிலான ஆணையம், 102 உறுப்பினருள் 25 பேர் தகுதியற்றவர் எனவும், 22 வீடுகள் பினாமிப் பெயரில் வாங்கப்பட்டவை எனவும் 2013-இல் கண்டறிந்தது. 2016-இல் மும்பை உயர்நீதிமன்றம் கட்டடத்தை இடிக்க ஆணையிட்டது. அதே ஆண்டில் உச்சநீதிமன்றம் இடிப்புக்குத் தடை விதித்தது. குடிசைவாசியின் சான்று வீடு தருமுன்னரே சோதிக்கப்படுகிறது. இங்கோ கட்டடம் எழுந்து நின்ற பின்னரே சோதனை வந்தது.

தாராவித் தமிழர்க்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்களில் பலர்க்கும் வீடு உண்டு. 2000-க்கு முன் தரைத்தளத்தில் குடியேறியோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு என்பது அறிவிப்பு. 2000 முதல் 2011 வரை வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே, பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின்கீழ், கட்டணத்துடன் வீடு. 2015-இல் தொடங்கிய அத்திட்டமோ, குடும்பத்தார் பெயரில் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருத்தலாகாது என்கிறது. குடும்பம் என்பது அங்கே கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். தந்தை பெயரில் நிற்கும் வீடு வேறு. மனைவி பெயரில் நிற்கும் வீடு வேறு.

‘மும்பையில் வீடில்லை’ என்பது உண்மையாயினும், ‘இந்தியாவில் எங்கும் இல்லை’ என்று ஒப்பமிட்டால் அதுவே பொய்யுரையாகிவிடும். படிவம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எந்த எல்லைக்குள் வீடில்லை என்று அது கூறுகிறது, யாரைக் குடும்பமென்கிறது என்னும் இரண்டையும் படித்தறிந்து, ஒரு நகலை வைத்துக்கொண்ட பின்னரே கையொப்பம் இடுங்கள்.