வளைவுச் சாலையில் சும்மா போகும் உரிமை

அமெரிக்காவில் 'கேன்யன் ரோடு' ஓட்டுவது என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாதாளம், நடுவில் மலையிடுக்குகளை ஒட்டி நெளிந்து போகும் சாலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, எந்த ஊருக்கும் போகவேண்டிய அவசியம் இல்லாமல், அந்த வளைவுகளுக்காகவே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மேலே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்த வழியே இறங்குவார்கள். அவ்வளவுதான். நாங்கள் வேலை செய்யும் காலனிகளில் இளைஞர்கள் இந்த வீடியோக்களைச் சலிக்காமல் பார்க்கிறார்கள். எந்த வளைவில் எந்த கியர் என்பதுவரை பேசுகிறார்கள். பார்க்கட்டும். மலையும் காற்றும் வேகமும் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் எந்தச் சாலையைக் கண்டாலும் அதை யார் வெட்டினார்கள், அதில் யார் போக விட்டார்கள் என்று கேட்டே பழகிவிட்டோம். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி தானாகவே வரும். அமெரிக்காவின் அழகுச் சாலைகளிடம் அதைக் கேட்டால் கிடைக்கும் பதில்கள் அந்த வீடியோக்களில் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே சான் கேப்ரியல் மலைகளின் மேல் போகிறது ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலை. லா கன்யாடா என்ற புறநகரில் தொடங்கி 66 மைல், உயரமான இடத்தில் 7,900 அடி. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அது கோயில் மாதிரி. 1929இல் தொடங்கிய வேலை, போர்க்காலத்தில் நின்று, 1956இல்தான் முடிந்தது. அதன் கணிசமான பகுதியைச் சிறைக் கைதிகள் மலைமேலேயே முகாம் போட்டுத் தங்கி வெட்டினார்கள்.

கலிபோர்னியாவின் கடலோர மலைகளில் கார்மெலிலிருந்து சான் சிமியோன் வரை போகும் பிக் சர் சாலை இன்னும் புகழ் பெற்றது. கார் விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருக்கும் அந்த வளைந்த கான்கிரீட் பாலம், 1932இல் கட்டி முடித்த பிக்ஸ்பி பாலம், அங்கேதான் இருக்கிறது. 1919இல் பணம் ஒதுக்கி, 1937இல் திறந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள். செங்குத்துப் பாறையில் வெடி வைத்து, சரிந்த மண்ணை அள்ளிக் கடலில் தள்ளும் வேலைக்குச் சான் குவென்டின் சிறையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கூலி நாளொன்றுக்கு 35 சென்ட், கூடவே கொஞ்சம் தண்டனைக் குறைப்பு. சாலை முடிந்ததும் ஆண்டர்சன் கிரீக் என்ற இடத்தில் அவர்கள் தங்கியிருந்த குடிசைகள் காலியாகின. பின்னால் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அங்கே குடியேறினார்கள். ஹென்றி மில்லரும் 1940களில் அங்கே தங்கியிருந்தார். பிக் சர் பற்றிய இலக்கியத்துக்குக் குறைவில்லை. அந்தக் குடிசையில் அவருக்கு முன்னால் படுத்திருந்தவன் யார் என்று தேடினால் பெயர்கூடக் கிடைப்பது அரிது.

கலிபோர்னியாவில் பாறை வெட்டிய கைதிகள் எல்லாருமே கறுப்பர்கள் என்று நாம் சொல்லவில்லை. அங்கே பல நிறத்தவரும் இருந்தார்கள். நிறம் தீர்மானித்த கதை வேண்டுமென்றால் தெற்கு மாநிலங்களுக்குப் போக வேண்டும்.

1865இல் அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் ஒரு விலக்கையும் வைத்தது: குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய உழைப்பு வாங்கலாம். அந்தச் சந்து போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு மிசிசிப்பி கொண்டுவந்த சட்டத்தின்படி, விடுதலையான கறுப்பர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஜனவரியில் தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவர் 'வேலையற்றுத் திரிபவர்'. பிடித்து அபராதம் போடுவார்கள். கட்ட முடியாவிட்டால் அபராதத்தைக் கட்டுகிற முதலாளியிடம் உழைத்துக் கழிக்க வேண்டும். மற்ற தென் மாநிலங்களும் இதே மாதிரிச் சட்டங்களைப் போட்டன. அலைந்து திரிவதையே குற்றமாக்கும் சட்டம் நமக்கும் புதிதல்ல. 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் இங்கே அதைத்தான் செய்தது.

பிறகு கார் வந்தது. சேற்றுப் பாதைகளில் கார் ஓடாது என்பதால் 'நல்ல சாலைகள் வேண்டும்' என்று ஓர் இயக்கமே நாடு முழுவதும் கிளம்பியது. அதுவரை கைதிகளைத் தனியார் சுரங்கங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் குத்தகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஜார்ஜியா மாநிலம் 1908இல் அந்தக் குத்தகையை ஒழித்தது. சீர்திருத்தம் என்று பாராட்டினார்கள். ஒழித்துவிட்டு அதே கைதிகளைக் காலில் சங்கிலி பூட்டி மாவட்டச் சாலைகளுக்கு அனுப்பியது. 'செயின் கேங்' என்று பெயர். பெரும்பான்மையினர் கறுப்பர்கள். பக்கத்து மாநிலங்களும் அந்த வழியில் போயின.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சும்மா திரிந்தான் என்று பிடிக்கப்பட்டவன், பிறர் சும்மா திரிவதற்கான சாலையைப் போட்டுக் கொடுத்தான். இதைவிடப் பச்சையாக ஒரு சமூகம் தன்னைக் காட்டிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை.

முழுக்க முழுக்க இன்பப் பயணத்துக்கென்றே சாலை போடும் காலம் 1930களில் வந்தது. வர்ஜீனியாவின் ப்ளூ ரிட்ஜ் மலை முகட்டில் 105 மைல் நீளத்துக்கு ஸ்கைலைன் டிரைவ் போடத் தொடங்கியது 1931இல். அது ஓடும் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்காக மாநில அரசு நிலங்களைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, சுமார் 500 மலைக் குடும்பங்களை வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் ஏழை வெள்ளையர். அறிவில்லாதவர்கள், பின்தங்கியவர்கள் என்று முதலில் பெயர் வைத்துவிட்டுத்தான் வெளியேற்றினார்கள். அந்த வரிசை நமக்குத் தெரிந்ததுதான். அங்கிருந்து தெற்கே 469 மைல் நீளும் ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயின் வேலை 1935இல் தொடங்கியது. அகலமான சாலைக்காகத் தங்கள் பள்ளத்தாக்கு நிலத்தைக் கொடுக்கச் செரோக்கி பழங்குடி மக்கள் மறுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் இழுபறி. கடைசியில் சாலைதான் பள்ளத்தாக்கை விட்டு மலை முகட்டுக்கு ஏறியது. இன்று அந்த முகட்டில் ஓட்டிப்போய் ஆகா என்று வியப்பவர்கள், வியக்கும் காட்சிக்குச் செரோக்கிகளின் பிடிவாதத்துக்கும் நன்றி சொல்லலாம்.

ஸ்கைலைன் டிரைவில் கறுப்பர்கள் கார் ஓட்டத் தடை இல்லை. ஓட்டலாம். இறங்கத்தான் கூடாது. உணவகம், விடுதி, கூடாரம் போடும் இடம் எல்லாம் வெள்ளையருக்கு. கூட்டாட்சி அரசின் பூங்காதான், ஆனால் 'உள்ளூர் வழக்கத்தை' மதிக்கிறோம் என்றது நிர்வாகம். 'ஊர் வழக்கம்' என்ற சொல்லை எத்தனை தாசில்தார்கள் வாயால் கேட்டிருக்கிறோம்! எதிர்ப்பு வந்தபின் 1939இல் லூயிஸ் மவுண்டன் என்ற இடத்தைக் கறுப்பர்களுக்கென்று தனியே திறந்தார்கள். சாலையோரம் பலகை வைத்தார்கள்: லூயிஸ் மவுண்டன், நீக்ரோ பகுதி. மலையிலும் ஒரு சேரி. உள்துறைச் செயலராக இருந்த ஹெரால்ட் இக்கஸ், அவருடைய ஆலோசகரான கறுப்பினத்தவர் வில்லியம் ட்ரென்ட் போன்றோர் விடாமல் கொடுத்த அழுத்தத்தால் பாகுபாடு படிப்படியாகத் தளர்ந்து 1950 வாக்கில் முழுதும் நீங்கியது. இன்று அங்கே யாரும் தங்கலாம்.

'இறங்கக் கூடாது' என்பதன் கனம், நீண்ட தூரம் வண்டி ஓட்டியவர்களுக்கே தெரியும். பெட்ரோல் போட எங்கே நிற்பது, குழந்தைக்குச் சிறுநீர் வந்தால் எங்கே ஒதுங்குவது, இருட்டினால் எங்கே படுப்பது? பொழுது சாய்வதற்குள் கறுப்பர்கள் வெளியேறிவிட வேண்டும் என்ற ஊர்கள் தெற்கில் மட்டுமல்ல, நாடெங்கும் இருந்தன. ஏஞ்சலஸ் கிரெஸ்ட் தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள கிளெண்டேல் நகரம் அப்படிப்பட்ட ஊர்தான். 2020இல் அந்த நகர மன்றம் அதற்காகத் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது.

இந்தப் பயத்திலிருந்துதான் 'கிரீன் புக்' பிறந்தது. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கி வெளியிட்ட கையேடு அது. எந்த ஊரில் எந்த விடுதியில், எந்த வீட்டில், எந்த பெட்ரோல் நிலையத்தில் கறுப்பர்களை ஏற்றுக்கொள்வார்கள் என்ற பட்டியல். எஸ்ஸோ பெட்ரோல் நிலையங்களில் அதை விற்றார்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்தது. 1940களின் பிற்பகுதியில் 'டிராவல்கைடு' என்று இன்னொன்றும் வந்தது. அவமானப்படாமல் விடுமுறை கழிப்பது என்பதே அதன் முழக்கமாக இருந்தது. வேலை, கூலி, வாக்குரிமை பற்றிய முழக்கங்கள் எல்லாருக்கும் தெரியும். விடுமுறைக்கும் ஒரு முழக்கம் தேவைப்பட்டது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒரு சின்ன விவரம் எங்களை அதிகம் உலுக்கியது. நல்ல கார் வைத்திருந்த கறுப்பர்கள் சிலர் ஓட்டுநர் தொப்பி ஒன்றையும் காரில் வைத்திருந்தார்களாம். போலீஸ் நிறுத்தினால், கார் முதலாளியுடையது, கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்று சொல்ல. வேலையாகப் போகிற கறுப்பனை விட்டுவிடுவார்கள். இன்பமாகப் போகிற கறுப்பனைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் அம்பேத்கர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வண்டிகளைப் பற்றி அவரளவுக்கு வலியோடு எழுதியவர் நம்மிடையே இல்லை. 1901இல் சிறுவனாக, கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைக் காண வீட்டுச் சிறுவர்களோடு கிளம்பி மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகள். மகர் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொள்கிறார், ஒரு நிபந்தனையுடன்: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். 1929இல், பாரிஸ்டர் பட்டம் பெற்று, அரசு நியமித்த குழுவின் உறுப்பினராகச் சாலிஸ்கானில் இறங்கியபோதும் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். வந்த விருந்தாளியை நடக்க வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்த மகர் மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டத் தெரியாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். வழியில் ஆற்றின் மேல் இருந்த சிறு பாலத்தில் சக்கரம் சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அம்பேத்கர் பாலத்தின் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் சாதியின் கையில்தான் இருந்தது என்பதை அந்தப் பாலம் சொல்கிறது.

இன்று நம் பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரியும், நன்றாகவே தெரியும். காலையில் சித்தாள்களை ஏற்றிக்கொண்டு போகும் பைக்கையோ, மூட்டை ஏற்றிய மினி லாரியையோ ஊர்த்தெருவில் யாரும் நிறுத்துவதில்லை. அதே பையன் மாலையில் குளித்து, கூலிங் கிளாஸ் போட்டு, புல்லட்டில் அதே தெருவில் சும்மா ஒரு சுற்று வந்தால் அன்றிரவு பஞ்சாயத்து. புல்லட் ஓட்டியதற்காகவே ஒரு கல்லூரி மாணவர் வெட்டப்பட்டதாக 2025இல் செய்தி படித்தோம். இப்படித் தகராறு வந்தால், 'அவனுக்கு அங்கே என்ன வேலை?' என்பதுதான் காவல் நிலையத்தில் எங்களிடம் முதலில் கேட்கப்படுகிறது. வேலை இல்லை என்பதுதான் பதில். தண்ணீர், சுடுகாட்டுப் பாதை, கோயில் நுழைவு என்று மனு எழுதிப் பழகிய கை, 'சும்மா போனான்' என்று எழுதத் தயங்குகிறது. எழுத வேண்டும்.

ஏஞ்சலஸ் கிரெஸ்ட்டின் அடிவாரத்துக்குத் திரும்புவோம். அங்கே ஆல்டடீனா என்ற ஊர் இருக்கிறது. மற்ற பகுதிகளில் வீடு வாங்க விடாமல் தடுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கித் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர். 2025 ஜனவரி 7 அன்று ஈட்டன் கேன்யனில் பிடித்த தீ அந்தப் பகுதியில் 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்தது. தீயை எதிர்த்து மலைச்சரிவில் நின்றவர்களில் கலிபோர்னியச் சிறைகளின் கைதிகளும் இருந்தார்கள். அப்போது அவர்களுடைய கூலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 டாலர், தீ எரியும் நேரத்தில் மணிக்கு ஒரு டாலர் கூடுதல். சிறைகளில் கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் முன்மொழிவு அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2024 நவம்பரில், அந்த மாநிலத்தின் வாக்கெடுப்பில் தோற்றிருந்தது. கைக்கருவிகளால் புதரை வெட்டி மண்ணைச் சுரண்டி, தீ தாண்டாதபடி கோடு போடுவது அவர்களுடைய வேலை.