சேற்றுக்குள் வீடு கட்டும் நீல இறால்... ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி! அமெரிக்கக் கடலோரத்தில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் மேற்குக் கடலோரம். அலை வற்றினால் சேற்றில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அதற்குள்தான் 'நீலச் சேற்று இறால்' வாழ்கிறது. அறிவியல் பெயர் உபோகேபியா புகெட்டென்சிஸ். பெயரில்தான் இறால். உண்மையில் நம்ம சாப்பிடுற இறாலை விட நண்டுக்குத்தான் இது நெருங்கிய சொந்தம்!

வளை எப்படி இருக்கும்?

ஆங்கில 'Y' எழுத்து வடிவம். மேலே இரண்டு வாசல், கீழே ஒரு நீண்ட குழாய். உள்ளே உட்கார்ந்தபடி பின்பக்கத் துடுப்புக் கால்களை அசைத்து கடல் நீரை உள்ளே இழுக்கும். அதில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை முன்கால் ரோமங்களால் வடிகட்டிச் சாப்பிடும். சாப்பாடு வீட்டுக்கே டெலிவரி! இப்படி லட்சக்கணக்கில் சேர்ந்து வடிகட்டும்போது கழிமுகத் தண்ணீரின் தன்மையே மாறுகிறது. மீன்களுக்கும் பறவைகளுக்கும் இவை இரை. தூண்டில்காரர்கள் இரைக்காகத் தோண்டி எடுப்பதும் உண்டு.

வில்லன் யார்?

ஆர்தியோன் கிரிஃபெனிஸ் என்ற ஒட்டுண்ணி. பூர்வீகம் ஆசியா. ஜப்பான், சீனா பக்கம் வேறொரு சேற்று இறாலில் வாழும் இது, 1980-களில் அமெரிக்கக் கரையில் தென்படத் தொடங்கியது. சரக்குக் கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பி வரும் கடல் நீரோடு வந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

இறாலின் செவுள் அறைக்குள் நுழைந்து ரத்தத்தை உறிஞ்சும். ஓட்டின் ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். உள்ளே பெரிய பெண் ஒட்டுண்ணி, அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு குட்டியூண்டு ஆண்! இறால் உடனே சாகாது. ஆனால் பெண் இறால் முட்டையிடுவதை நிறுத்திவிடும். இதுதான் பெரிய ஆபத்து. இருப்பவை வயதாகிச் சாக, புதுக் குஞ்சுகள் வராமல், வாஷிங்டன் மாகாணத்தின் வில்லப்பா விரிகுடாவில் இந்த இனம் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது.

பண்ணைக்காரர்களுக்கு எதிரி

இதே விரிகுடாவில் இன்னொரு கதையும் இருக்கு. சேற்று இறாலும், அதன் உறவான 'பேய் இறாலும்' தரையைத் தோண்டி இளக்கிவிடுவதால் சிப்பிகள் சேற்றில் புதைந்து சாகும். இதற்காக 1960-களிலிருந்து பல பத்தாண்டுகள் சிப்பிப் பண்ணைகளில் கார்பாரில் பூச்சிக்கொல்லி தெளித்தார்கள். பின்னர் இமிடாகுளோபிரிட் பயன்படுத்தக் கேட்டபோது, 2018-ல் மாகாணச் சுற்றுச்சூழல் துறை அனுமதி மறுத்தது. விநோதம் என்னவென்றால், இந்த ஒட்டுண்ணி பேய் இறாலைத் தொடுவதில்லை. பண்ணைகளுக்குத் தலைவலியாக இப்போதும் தோண்டிக்கொண்டிருப்பது அதுதான்.